தண்ணீரே எடைக்கல்: நுண்கால்வாய்ச் சிப்பில் பாகுநிலை அளப்பது எப்படி?

தண்ணீரின் பாகுநிலையை, அதாவது ஓடும்போது அது எவ்வளவு தடை காட்டுகிறது என்பதை, அளக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. மூன்று வாரம் கழித்தும் விடை தப்பாகவே வந்தது. 30 டிகிரி செல்சியஸில் 0.80 மில்லிபாஸ்கல் விநாடி வரவேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் 1.17 வந்தது. பம்ப்பைச் சந்தேகப்பட்டேன், அழுத்தமானியைச் சந்தேகப்பட்டேன், ஒரு நாள் தண்ணீரையே சந்தேகப்பட்டு வேறு கேனிலிருந்து வடிநீர் எடுத்துவந்தேன். கடைசியில், மெல்லிய கால்வாய் ஓடும் அந்த ரப்பர்ச் சிப்பைக் குறுக்கே பிளேடால் வெட்டி, வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் நிறுத்திப் பார்த்தேன். கால்வாயின் ஆழம் 50 மைக்ரோமீட்டர் என்று நோட்டில் எழுதியிருந்தேன். இருந்தது 44.

வெறும் ஆறு மைக்ரோமீட்டர் விடையை ஒன்றரை மடங்காக்கிவிடுமா? ஆக்கிவிடும். தட்டையான கால்வாயில் திரவத்தைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம், ஆழத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 50-ஐ 44-ஆல் வகுத்து மும்மடி எடுத்துப் பாருங்கள்: 1.47. என் மூன்று வாரம் அந்த எண்ணுக்குள் இருந்தது.

அதனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அழுத்தத்தை அளந்து, ஆழத்தை அளந்து, சூத்திரத்தில் போட்டு விடை எடுக்கும் வழியில் உடனே இறங்காதீர்கள். தெரிந்த திரவம் ஒன்றை எடைக்கல்லாக வைத்து, தெரியாத திரவத்தை அதனுடன் ஒப்பிடுங்கள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஆஸ்வால்ட் விஸ்காமீட்டரைக் கையாண்டவர்களுக்கு இது பழகிய யோசனை. தண்ணீர் இரு கோடுகளுக்கு இடையே இறங்க எத்தனை விநாடி, மாதிரி இறங்க எத்தனை விநாடி என்று பார்த்தோமே தவிர, அந்தக் கண்ணாடிக் குழாயின் உள்விட்டத்தை யாரும் நம்மிடம் கேட்டதில்லை. அதே தந்திரம்தான் இங்கும். அங்கே பல மில்லிலிட்டர் வேண்டும். இங்கே சில நூறு மைக்ரோலிட்டர் போதும். ஒரு துளி புரதக் கரைசலை வாங்கப் பல மாதம் காத்திருந்தவருக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

ஒரே கால்வாயில் இரண்டு திரவம்

ஒய் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் ஒரு சிப்பை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் மாதிரித் திரவம், மறு கிளையில் தண்ணீர். இரண்டும் சந்தித்துப் பொதுக் கால்வாயில் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஓட்டம் சுழிக்குமா, சீராகப் போகுமா என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண்; இவ்வளவு குறுகிய இடத்தில் அது ஒன்றை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். எனவே ஓட்டம் சுழிக்காது, வரிச்சீராகவே போகும். இரண்டு திரவங்களும் கலக்காமல் நடுவே ஒரு கோடு தெரியும்.

அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. கால்வாயின் நுழைவுக்கும் முடிவுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு இரண்டு திரவங்களுக்கும் ஒன்றே. ஒரே தள்ளுதலில் ஒரே அளவு போய்ச் சேர வேண்டுமானால், கெட்டியான திரவம் அதிக அகலத்தைப் பிடித்துக்கொண்டாக வேண்டும். ஆழத்தைவிட அகலம் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் கணக்கு இவ்வளவு எளிதாகிவிடுகிறது:

மாதிரியின் பாகுநிலை = தண்ணீரின் பாகுநிலை × (மாதிரியின் அகலம் ÷ தண்ணீரின் அகலம்) × (தண்ணீரின் ஓட்டம் ÷ மாதிரியின் ஓட்டம்)

ஓட்டம் என்பது பம்ப்பில் நாம் வைக்கும் வேகம், நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோலிட்டர் என்பது. ஆழம் இதில் எங்குமே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பதால் வகுபட்டுப் போய்விட்டது. நீளமும் அழுத்தமும்கூட அப்படியே. பிரான்சின் பொர்தோவில் இயங்கிய ஆய்வுக்குழு ஒன்று 2006-இல் இந்த வழியில் சிப் பாகுநிலைமானி ஒன்றை வெளியிட்டது. இதே கோட்பாட்டில் இன்று கடைக்கருவியே விற்கிறது. நாம் கையால் செய்வோம்.

என்னென்ன வேண்டும்

இரண்டு சிரிஞ்ச் பம்ப், அல்லது தனித்தனி வேகம் வைக்கக்கூடிய இரட்டைப் பம்ப். ஒரே வகை, ஒரே அளவுள்ள இரண்டு சிரிஞ்சுகள். கண்ணாடி என்றால் நல்லது. கேமரா பொருத்திய சாதாரண நுண்ணோக்கி. மெல்லிய குழாய், வெப்பமானி, துல்லியமான தராசு, கிளிசரால், வடிநீர், கொஞ்சம் உணவு நிறமி. படத்தை அளக்க இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள்.

'ஒரே வகை சிரிஞ்ச்' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பம்ப்பில் நாம் சிரிஞ்சின் உள்விட்டத்தை எண்ணாகக் கொடுக்கிறோம். அதன் வர்க்கத்தை வைத்துத்தான் அது ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. 4.8 மில்லிமீட்டர் சிரிஞ்சுக்கு 4.7 என்று கொடுத்தால் ஓட்டம் நான்கு சதவீதம் தவறும். இரண்டு பக்கமும் ஒரே சிரிஞ்ச் என்றால் இரண்டும் ஒரே அளவு தவறும், விகிதம் தப்பித்துவிடும். ஒப்பிடும் முறையின் சுகம் இது: தவறுகளையும் ஜோடி சேர்த்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

சிரிஞ்ச் சிறியதாக இருக்கட்டும். ஒரு மில்லிலிட்டர் போதும். பெரிய சிரிஞ்சை மெதுவாகத் தள்ளும்போது மோட்டாரின் ஒவ்வொரு தட்டும் கால்வாயில் தெரியும்; நடுக்கோடு நாடித்துடிப்பு மாதிரி ஆடும்.

குழாயின் நீளத்தையும் கவனியுங்கள். 600 மைக்ரோமீட்டர் அகலம், 50 ஆழம், 20 மில்லிமீட்டர் நீளமுள்ள பொதுக் கால்வாய் மொத்தமே 0.6 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும். அரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 30 சென்டிமீட்டர் இருந்தால், அது மட்டும் 59 மைக்ரோலிட்டரை விழுங்கிவிடும். "துளி மாதிரி போதும் என்றார்களே, எனக்கு மட்டும் ஏன் போதவில்லை?" என்று கேட்பவரின் மேசையில் எப்போதும் நீளமான குழாய் தொங்கிக்கொண்டிருக்கும். பம்ப்பைச் சிப்புக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்.

சிப்பை வார்ப்பது

அச்சு உங்களிடம் இருக்கிறது, அல்லது செய்து வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சிலிக்கான் தகட்டில் ஒளியுணர் பிசினால் செய்த அச்சில் சிலிக்கோன் ரப்பரை வார்க்கும் முறை 1990-களின் இறுதியில் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவால் பரவலானது. இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் அதுதான் வழக்கம். அந்த ரப்பரின் பெயரைச் சுருக்கிப் பி.டி.எம்.எஸ். என்பார்கள்.

அடிப்படைப் பிசினையும் இறுக்கும் திரவத்தையும் எடையில் பத்துக்கு ஒன்று என்று எடுத்து, நன்றாகக் கலக்குங்கள். கலக்கும்போது நுரைத்து மோர் போல வெளுக்கும். வெளுத்தால்தான் சரியாகக் கலந்திருக்கிறது. வெற்றிடக் கலத்தில் வைத்துக் குமிழ்களை இழுத்துவிட்டு, அச்சின்மேல் ஊற்றி, 70 டிகிரியில் இரண்டு மணி நேரம். பிறகு உரித்தெடுத்து நுழைவுத் துளைகள் இரண்டும் வெளியேறும் துளை ஒன்றும் போட்டு, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் காட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள்.

துளை போடுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். கால்வாய் இருக்கும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குத்துங்கள். மறுபக்கத்திலிருந்து குத்தினால் துளை குறி தப்பிக் கால்வாயை விட்டு விலகிப் போகும். குத்தியெடுத்த ரப்பர் திரி முழுதாக வெளியே வந்ததா என்று பார்த்துவிடுங்கள். உள்ளே தங்கிய ஒரு துணுக்கு ஒரு கிளையை அடைத்துக்கொண்டு, நாள் முழுக்க உங்களைக் கிறுக்காக்கும்.

முதல் ஓட்டம்: தண்ணீருக்கு எதிராகத் தண்ணீர்

மாதிரியை இப்போதே தொடாதீர்கள். ஒரு சிரிஞ்சில் வெறும் வடிநீர், மற்றதில் ஓரிரு துளி நிறமி கலந்த வடிநீர். இரண்டையும் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வேகத்தில் ஓடவிடுங்கள்.

முதலில் குமிழ் வரும். எல்லோருக்கும் வரும். வெளியேறும் துளையை அடைத்துவிட்டு, ஒரு சிரிஞ்சை மட்டும் கையால் மிக மென்மையாக அழுத்திப் பிடித்திருங்கள். பி.டி.எம்.எஸ். வழியே காற்று ஊடுருவும். குமிழ் சுருங்கிச் சுருங்கிச் சில நிமிடங்களில் சுவருக்குள் மறைந்துவிடும். முதன்முறை பார்க்கும்போது கண்கட்டு வித்தை போல இருக்கும்.

குமிழ் போனதும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். நடுக்கோடு அசையாமல் நின்ற பிறகு, அது கால்வாயின் சரிபாதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே திரவம், ஒரே வேகம். வேறெங்கும் நிற்க அதற்கு உரிமை இல்லை. நின்றால், சிரிஞ்சுகளை இடம் மாற்றிப் பாருங்கள். கோட்டின் சாய்வு சிரிஞ்சோடு சேர்ந்து மறுபக்கம் போனால் பழி சிரிஞ்சுக்கு அல்லது நிறமிக்கு. அதே பக்கத்தில் நின்றால் பழி பம்ப்புக்கு அல்லது சிப்புக்கு. இந்த இடமாற்றச் சோதனை பத்து நிமிட வேலை. பலர் இதைத் தாண்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்கள் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஓட்டம்: விடை தெரிந்த கணக்கு

இப்போது 30 சதவீதக் கிளிசரால் கரைசல். எடையில் 30 சதவீதம் என்பதை மறக்க வேண்டாம். 30 மில்லிலிட்டர் கிளிசராலையும் 70 மில்லிலிட்டர் தண்ணீரையும் அளவுகுடுவையில் அளந்து ஊற்றினால் உங்களிடம் இருப்பது 35 சதவீதக் கரைசல். கிளிசரால் தண்ணீரைவிடக் கால் பங்குக்கு மேல் கனம். தராசில் எடை போடுங்கள். கிளிசரால் புட்டியைத் திறந்து வைக்காதீர்கள், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

30 டிகிரியில் இந்தக் கரைசலின் பாகுநிலை 1.87, தண்ணீருக்கு 0.80. கரைசலை நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டரிலேயே வைத்துக்கொண்டு, நிறமிட்ட தண்ணீரின் வேகத்தை மட்டும் 15, 20, 25, 30 என்று ஏற்றுங்கள். 600 மைக்ரோமீட்டர் கால்வாயில் தண்ணீர் பிடிக்கும் அகலம் வரிசையாக 235, 277, 310, 337 என்ற எண்களை ஒட்டி வரவேண்டும். 23.4-இல் வைத்தால் கோடு சரிபாதிக்கு வரும்: 1.87-ஐ 0.80-ஆல் வகுத்தால் 2.34, கரைசலின் வேகமான 10-ஐப்போல் அத்தனை மடங்குதானே அது.

ஒரே ஒரு படத்தை நம்பாமல் நான்கைந்து வேகங்களில் எடுக்கச் சொல்வது வீம்புக்கு அல்ல. கோட்டின் இடத்தைப் பத்து மைக்ரோமீட்டர் தவறாகப் படித்தால் 300-க்கு 300 என்பது 310-க்கு 290 ஆகிவிடும். விடையில் ஏழு சதவீதம் போய்விட்டது. அகல விகிதத்தை ஓட்ட விகிதத்துக்கு எதிராக (இரண்டிலும் மாதிரி ÷ தண்ணீர்) வரைபடத்தில் குறித்து நேர்கோடு இழுத்தால், அதன் சரிவே பாகுநிலை விகிதம். ஒரு புள்ளியில் தடுமாறிய கையை மற்ற புள்ளிகள் திருத்தும். அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியே போகாவிட்டால், எங்கோ ஒரு கசிவு இருக்கக்கூடும்.

ஆழம் 44 என்று கண்ட பிறகு, அதே அச்சில் வார்த்த இன்னொரு சிப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் இப்படி ஓட்டிப் பார்த்தேன். அன்று மாலைக்குள் கிளிசரால் கரைசலுக்கு 1.9 வந்தது. ஆழத்தை அதற்குள் யாரும் சரிசெய்திருக்கவில்லை.

படத்தில் கோட்டைப் படிப்பது

கண்ணால் பார்க்கும்போது கத்தியால் கீறியதுபோல் தெரியும் கோடு, பெரிதாக்கிய படத்தில் ஒரு மங்கிய பட்டை. நிறமி மெல்ல மெல்லப் பக்கத்துத் திரவத்துக்குள் பரவுவதால் வருவது அது. இந்தக் கால்வாயில் மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் என்றால் திரவம் விநாடிக்குச் சுமார் 11 மில்லிமீட்டர் நகரும். கிளைகள் சேரும் இடத்திலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் படம் எடுத்தால், பரவ அதற்குக் கிடைத்திருப்பது அரை விநாடிக்கும் குறைவு. சிறிய நிறமி மூலக்கூறுகள் அதற்குள் 20 மைக்ரோமீட்டர் அளவுக்குப் பரவியிருக்கும். இன்னும் கீழே போனால் பட்டை அகலமாகும். சந்திப்புக்கு மிக அருகில் போனாலும் தொல்லைதான். திரவங்கள் தத்தம் இடத்தில் இன்னும் அமர்ந்திருக்காது. ஐந்து மில்லிமீட்டர் எனக்குப் பழகிய சமரசம்.

இமேஜ்ஜேயில் கால்வாய்க்குக் குறுக்கே, இரண்டு சுவர்களையும் தாண்டி ஒரு கோடு இழுத்து, அதன் வழியே சாம்பல் அளவு எப்படி மாறுகிறது என்று வரையச் சொல்லுங்கள். சுவர்கள் இரண்டும் கூர்மையான பள்ளங்களாகத் தெரியும். நடுவில் ஒரு சரிவு: ஒருபுறம் நிறமியின் இருள், மறுபுறம் தெளிந்த வெளிச்சம். இவ்விரண்டுக்கும் சரிபாதியான சாம்பல் எங்கே வருகிறதோ அதுவே உங்கள் எல்லை. சரிவின் தொடக்கத்தையோ முடிவையோ 'கோடு இதுதான்' என்று எடுத்துக்கொள்வது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழை. படத்தில் இருளும் வெளிச்சமும் முழுமையாக எரிந்து போயிருந்தால் பாதி எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. கேமராவின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள்.

வெப்பம்

பாடநூலில் தண்ணீரின் பாகுநிலை ஒன்று என்று படித்திருப்போம். அது 20 டிகிரிக்கு. நம் ஊர் ஆய்வக அறை 30-இல் இருந்தால் அது 0.80. ஒரு டிகிரிக்கு இரண்டு சதவீதம் போகிறது. 30 சதவீதக் கிளிசராலில் ஏறக்குறைய மூன்று. தூய கிளிசரால் இன்னும் மோசம். நல்ல வேளையாக விகிதம் இவ்வளவு துள்ளுவதில்லை: 20 டிகிரியில் கிளிசரால் கரைசல் தண்ணீரைப்போல் 2.49 மடங்கு, 30-இல் 2.34 மடங்கு. ஆனாலும் கடைசியில் தண்ணீரின் மதிப்பால் பெருக்கும்போது சரியான வெப்பநிலைக்குரிய எண்ணைத்தான் போட வேண்டும்.

அறையின் வெப்பத்தை அல்ல, சிப்பின் வெப்பத்தை அளங்கள். மெல்லிய வெப்ப உணரியைக் கால்வாய்க்குப் பக்கத்தில் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டிவையுங்கள். பழைய ஹாலஜன் விளக்குள்ள நுண்ணோக்கி என்றால், விளக்கைப் போட்டு இருபது நிமிடமாவது கழித்து வேலையைத் தொடங்குங்கள். ஏசி காற்று நேராகச் சிப்பில் படும்படி வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் மாதிரி

எடைக்கல்லை மாதிரிக்குத் தக்கபடி தேர்ந்தெடுங்கள். தங்கத்தை அரிசி மூட்டைக்கு எதிராக யாரும் நிறுக்க மாட்டார்கள். இரண்டு பாகுநிலைகளும் வெகுவாக வேறுபட்டால், எல்லையை ஒட்டிய இடத்தில் வேகமான திரவம் மெதுவானதை இழுப்பதால் மேலே சொன்ன எளிய கணக்கு கொஞ்சம் பிசகும். முதலில் தண்ணீருக்கு எதிராக ஒரு தோராயம் எடுங்கள். பிறகு அதற்கு நெருக்கமான கிளிசரால் கரைசலைத் தயாரித்து அதற்கு எதிராக மறுபடி ஓட்டுங்கள். 30 டிகிரியில் 40 சதவீதத்துக்கு 2.72, 50-க்கு 4.21, 60-க்கு 7.19. கோடு எப்போதும் நடுவை ஒட்டியே நிற்கும்படி வேகங்களை வைத்துக்கொள்ளுங்கள். சுவரோரத்தில் போய் ஒண்டிய கோட்டை நம்ப வேண்டாம்.

பிறகு இரண்டு வேகங்களையும் ஒரே விகிதத்தில் இரட்டிப்பாக்கிப் பாருங்கள். எடைக்கல்லாக வைத்த கிளிசரால் கரைசலின் பாகுநிலை வேகத்தால் மாறாது. எனவே கோடு நகர்ந்தால், மாறியது உங்கள் மாதிரி. வேகம் கூடும்போது மாதிரியின் அகலம் குறைந்தால், அது தள்ளத் தள்ள இளகும் திரவம்: இரத்தம், பல பாலிமர் கரைசல்கள் எல்லாம் இந்த வகை. அவற்றுக்கு ஒற்றை எண்ணைச் சொல்வதில் பொருளில்லை. எந்தச் சறுக்கு வீதத்தில், அதாவது திரவ அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு விரைவாகச் சறுக்கும்போது, அளந்தோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அகலத்தாலும் ஆழத்தின் வர்க்கத்தாலும் ஓட்டத்தை வகுத்து ஆறால் பெருக்கினால் சுவரோரச் சறுக்கு வீதம் தோராயமாகக் கிடைக்கும். நம் சிப்பில் 20 மைக்ரோலிட்டருக்கு அது விநாடிக்கு 1300-ஐ ஒட்டி வரும். இங்கே ஆழம் மறுபடி எட்டிப் பார்க்கிறது, ஆனால் வர்க்கமாக மட்டும். அதுவும் பாகுநிலைக்குள் நுழைவதில்லை.

சில திரவங்களை இந்தச் சிப்பில் விடவே கூடாது. டொலுவீன், ஹெக்சேன், குளோரோஃபார்ம் போன்றவற்றை பி.டி.எம்.எஸ். உறிஞ்சி ஊதிக்கொள்ளும், கால்வாய் கண்முன்னே குறுகும். அவற்றுக்குக் கண்ணாடிச் சிப் வேண்டும். எண்ணெயும் தண்ணீரும்போல் கலக்காத ஜோடியில் எல்லை வளைந்தும் துளிகளாக அறுந்தும் விளையாட்டுக் காட்டும், அது தொடக்கக்காரருக்கு வேண்டாம். துகள்கள் உள்ள மாதிரியானால், பெரிய துகளும் ஆழத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதபடி வடிகட்டிக்கொள்ளுங்கள். பழச்சாற்றை வடிகட்டாமல் விட்ட நாளில் என் கால்வாயில் ஓடியது சாறு அல்ல, சக்கை. இரத்தமோ வேறு உடல்திரவமோ என்றால் அதற்குரிய பாதுகாப்பு ஏற்பாடும் அனுமதியும் உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு கிளைகளிலும் வடிநீரை விட்டு, வெளியே வருவதில் நிறம் போகும்வரை கழுவுங்கள். கடைசியாக ஒருமுறை தண்ணீருக்கு எதிராகத் தண்ணீர் ஓட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நடுவில் நின்ற கோடு இப்போதும் நடுவில் நின்றால் அன்றைய எண்களை நோட்டில் ஏற்றலாம். விலகி நின்றால், எந்த ஓட்டத்துக்குப் பிறகு விலகியது என்று படங்களைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்க வேண்டியதுதான்.